ஒரே ஒரு கேட்

திருவொற்றியூரில் வளர்ந்தவனுக்கு 'வரிசை' என்ற சொல்லைக் கேட்டதும் ரேஷன் கடை ஞாபகம் வராது. கன்டெய்னர் லாரிதான் வரும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை டிரெய்லர்கள். என் மாமா அதில் ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தார். ஹார்பரின் ஜீரோ கேட்டுக்குள் நுழையக் காத்திருக்கும் நாட்களில் அவருக்குச் சாப்பாட்டுக் கேரியரை சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. மதியம் பார்த்த அதே இடத்தில் ராத்திரிச் சாப்பாட்டுக்கும் வண்டி நிற்கும். வண்டிக்கு அடியில் துண்டை விரித்துப் படுத்திருப்பார். ஏன் மாமா இவ்ளோ நேரம், உள்ளே இடம் இல்லையா என்று ஒருமுறை கேட்டேன்.

"உள்ள எடம் நெறைய கீதுடா. கேட்டுதான் பத்தல."

பல வருடம் கழித்து, லினக்ஸ் கர்னலின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது இந்த வாக்கியம் திரும்ப வந்தது. உலகத்தின் பெரிய சர்வர்களும் நம் பாக்கெட்டில் இருக்கும் ஆண்ட்ராய்டு போன்களும் ஓடுவது அந்தக் கர்னலின் மேல். முதல் பத்து வருடத்துக்கும் மேலாக, உலகம் முழுக்க எழுதப்பட்ட நிரல் அத்தனையும் அதற்குள் போக இருந்தது ஒரே ஒரு கேட்தான். அந்தக் கேட்டின் பெயர் லைனஸ் டோர்வால்ட்ஸ்.

1991 செப்டம்பரில் ஹெல்சின்கியில் மாணவராக இருந்த லைனஸ் வெளியிட்ட 0.01 பதிப்பில் சுமார் 10,000 வரிகள். ஒருவர் உட்கார்ந்து முழுசாகப் படித்துவிடலாம். யாராவது ஒரு திருத்தம் செய்தால் அதை 'பேட்ச்' ஆக மின்னஞ்சலில் அனுப்புவார்கள். பேட்ச் என்பது முழுக் கோப்பு கிடையாது. எந்த வரியை எடுக்க வேண்டும், எந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும். மாற்றம் வரும் இடத்துக்கு மேலும் கீழும் சில வரிகளை அடையாளத்துக்கு வைத்திருக்கும். அதை வாங்கி ஒட்டுகிற 'பேட்ச்' என்ற அதே பெயருள்ள நிரலை 1985-ல் எழுதியவர் லாரி வால், பின்னால் பெர்ல் மொழியை உருவாக்கியவர். கோப்பு கொஞ்சம் மாறி வரிகள் மேலே கீழே நகர்ந்திருந்தாலும், அந்த அடையாள வரிகளைத் தேடிக் கண்டுபிடித்து ஒட்டிவிடும். இன்று பார்த்தால் சின்ன விஷயம். ஒருவரை ஒருவர் பார்க்காத ஆட்கள் சேர்ந்து ஒரே நிரலை எழுத முடிந்ததே இந்தச் சின்ன விஷயத்தால்தான்.

லைனஸ் மின்னஞ்சலைப் படிப்பார். பிடித்தால் தன் கணினியில் ஒட்டுவார். சில நாள் கழித்துப் புதிய பதிப்பை வெளியிடுவார். பிடிக்கவில்லை என்றால்? பல நேரம் ஒன்றுமே நடக்காது. பதில் வராது. அடுத்த பதிப்பு வந்ததும் இறக்கிப் பார்த்து, நம்முடையது உள்ளே இருக்கிறதா என்று நாமே தேட வேண்டும். இல்லையா, புதிய பதிப்புக்கு ஏற்ப மாற்றித் திரும்ப அனுப்பு. அவருக்குப் பிடிக்கவில்லையா, பார்க்கவே இல்லையா, விடுமுறையில் இருக்கிறாரா, எதுவும் தெரியாது. 2002 வரைக்கும் அவர் எந்த வெர்ஷன் கன்ட்ரோல் கருவியையும் பயன்படுத்தவில்லை. அப்போது பரவலாக இருந்த சிவிஎஸ் அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

இது என்ன மாதிரியான அனுபவம் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம் ஒரு திறமூலத் திட்டத்துக்கு (பெயர் வேண்டாம்) 11 வரி பேட்ச் ஒன்று அனுப்பினேன். ஏழு வாரம் பதில் இல்லை. நிராகரித்திருந்தால் கோபப்பட்டிருப்பேன், கற்றுக்கொண்டிருப்பேன், எதையாவது செய்திருப்பேன். மௌனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தப்பு என் நிரலிலா, என் ஆங்கிலத்திலா, என் பெயரிலா என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். வரிசையில் நிற்கிற டிரைவருக்காவது முன்னால் எத்தனை வண்டி நிற்கிறது என்று தெரியும்.

1998 செப்டம்பர் கடைசியில் கேட் முதன்முறையாக உடைந்தது. லைனஸ் பேட்ச்களைத் தவறவிடுகிறார் என்ற புகார் முற்றியிருந்தது. டேவிட் மில்லர் முதலானவர்கள் விஜெர் என்ற சர்வரில் தனியாக ஒரு சிவிஎஸ் கிளை நடத்தி, அங்கே மாற்றங்களைச் சேர்த்துவந்தார்கள். அங்கே சேர்ந்ததெல்லாம் தனக்கும் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள் என லைனஸ் சீறினார். சண்டையின் நடுவே லாரி மெக்வாய் என்பவர், இது குணத்தின் பிரச்சினை இல்லை, ஒரு மனிதன் தாங்கக்கூடிய அளவின் பிரச்சினை என்று எடுத்துச்சொல்லி, தான் உருவாக்கிக்கொண்டிருந்த பிட்கீப்பர் என்ற கருவியின் வரைபடத்தை முன்வைத்தார். அப்போது ஒன்றும் ஆகவில்லை.

2002 ஜனவரியில் இரண்டாம் முறை. ராப் லேண்ட்லி என்பவர் 'பேட்ச் பெங்குவின்' என்று ஒரு பதவி வேண்டும் என்று எழுதினார். அதுவரை ஆலன் காக்ஸ் தன் பெயரில் ஒரு தனிக் கிளை வைத்து, லைனஸ் தவறவிட்ட சின்னச் சின்னத் திருத்தங்களைச் சேர்த்து, சோதித்து, கொஞ்சம் கொஞ்சமாக அவருக்கு ஊட்டிவந்தார். யாரும் கொடுக்காத வேலை. அவர் அதிலிருந்து விலகியபோதுதான் அப்படி ஒரு வேலை இருந்ததே எல்லோருக்கும் உறைத்தது. அதை அதிகாரபூர்வமாக ஒருவருக்குக் கொடுங்கள் என்பதே லேண்ட்லியின் கோரிக்கை. லைனஸ் மறுத்தார். தான் நம்புகிற ஒரு சிறு வட்டம் இருக்கிறது, அவர்களுக்கும் அவரவர் வட்டம் இருக்கிறது, நேராக எனக்கு அனுப்பாமல் அவர்கள் வழியாக வாருங்கள் என்பது அவர் வாதத்தின் சாரம்.

எனக்கு இதில் இரண்டு பேர் பக்கமும் நியாயம் தெரிகிறது. லேண்ட்லி கேட்டது இரண்டாவது கேட். லைனஸ் சொன்னது, உள்ளே வர ஏற்கெனவே பல வழிகள் இருக்கின்றன என்று. ஆனால் அந்த வழிகள் எங்கே இருக்கின்றன என்பது வட்டத்துக்குள் இருந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்த மாதமே அவர் பிட்கீப்பருக்கு மாறினார். அது வணிக நிறுவனத்தின் மூடிய மென்பொருள். திறமூலக்காரர்களுக்கு இலவசம், ஆனால் இலவசமாகப் பயன்படுத்துகிறவர் போட்டிக் கருவி எதிலும் வேலை செய்யக் கூடாது என்று நிபந்தனை. ரிச்சர்ட் ஸ்டால்மேன் உட்படப் பலர் எதிர்த்தார்கள். லைனஸ் கண்டுகொள்ளவில்லை. வேலை நடந்தது, வேகமாகவும் நடந்தது.

அந்த வேகத்தில் உள்ளே போனவற்றில் ஒன்று ஆர்சியு. பல பிராசசர்கள் ஒரே தகவலைப் பூட்டுப் போடாமல் படிக்கவைக்கும் நுட்பம். பால் மெக்கென்னி முதலானோர் சீக்வென்ட் நிறுவனத்தின் யூனிக்ஸில் உருவாக்கியது; சீக்வென்டை ஐபிஎம் வாங்கியது. லினக்ஸுக்கு அதைக் கொண்டுவந்த பேட்சுக்குப் பின்னால் இருந்தவர்களில் முக்கியமானவர் திபாங்கர் சர்மா, ஐபிஎம்மின் பெங்களூர்க் குழுவைச் சேர்ந்தவர். 2001-ல் ஆரம்பித்த முயற்சி, விவாதம், மாற்றி எழுதல் எல்லாம் தாண்டி 2002 அக்டோபரில் 2.5.43-ல் இடம் பிடித்தது. மறு வருடம் மார்ச்சில் எஸ்சிஓ நிறுவனம் ஐபிஎம் மேல் வழக்குப் போட்டது. எங்கள் யூனிக்ஸ் உரிமத்துக்குக் கட்டுப்பட்ட சரக்கை லினக்ஸில் கொட்டிவிட்டீர்கள் என்பது குற்றச்சாட்டு. சுட்டிக்காட்டியவற்றில் ஆர்சியுவும் ஒன்று. எந்த வரி யார் கை வழியாக வந்தது என்று கேட்டால் காட்டுவதற்கு ஒழுங்கான கணக்கு இல்லை. 2004-ல் 'சைன்ட்-ஆஃப்-பை' வரி வந்தது அதற்காகத்தான். இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்று எழுதியவர் ஒரு கையெழுத்து, வாங்கி மேலே தள்ளுகிற ஒவ்வொருவரும் ஒரு கையெழுத்து. கேட் பாஸில் விழும் சீல் மாதிரி.

2005 ஏப்ரலில் பிட்கீப்பர் கதை முடிந்தது. சாம்பா, ஆர்சிங்க் ஆகியவற்றால் அறியப்பட்ட ஆண்ட்ரூ டிரிட்ஜல், பிட்கீப்பர் சர்வரோடு பேசும் சுதந்திர நிரல் ஒன்றை எழுதத் தொடங்கியிருந்தார். மெக்வாய் இலவச உரிமத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். லைனஸ் டிரிட்ஜல் மேல்தான் கோபப்பட்டார். அந்த மாதமே கான்பெராவில் நடந்த மாநாட்டில் டிரிட்ஜல் தான் செய்த மகா திருட்டு வேலையை மேடையில் செய்துகாட்டினார்: டெல்நெட்டில் சர்வருக்குள் போய் 'ஹெல்ப்' என்று தட்டினார். சர்வர் தன் கட்டளைகளின் பட்டியலைத் தானே கொடுத்தது. கூட்டம் சிரித்தது.

லைனஸ் வேறு கருவிகளைப் பார்த்தார். மோனோடோன் என்ற ஒன்றின் அமைப்பு பிடித்திருந்தது, வேகம் போதவில்லை. ஏப்ரல் 3-ம் தேதி தானே எழுத உட்கார்ந்தார். ஏப்ரல் 7-ம் தேதி கிட் தன் சொந்த நிரலைத் தானே சேமித்துவைத்தது. ஜூனில் கர்னல் 2.6.12 வெளியானபோது கிட்டில்தான் வேலை நடந்தது. ஜூலையில் ஜூனியோ ஹமானோவிடம் கிட்டைக் கொடுத்துவிட்டுத் தன் வேலைக்குத் திரும்பினார்.

நான்கு நாளில் எழுதினார் என்ற கதையைத்தான் எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது அது இல்லை. இணைப்பு என்றால் என்ன என்பதைப் புரிந்துகொள்ள ஒரு கல்யாணப் பத்திரிகையை யோசியுங்கள். ப்ரூஃபை மாமாவுக்கு ஒன்று, சித்தப்பாவுக்கு ஒன்று கொடுக்கிறோம். மாமாவிடமிருந்து திரும்பியதில் பெரியத்தை பெயர் இருக்கிறது. சித்தப்பாவிடமிருந்து திரும்பியதில் இல்லை. மாமா சேர்த்தாரா, சித்தப்பா அடித்தாரா? இரண்டு தாளை மட்டும் வைத்துக்கொண்டு அச்சகக்காரரால் சொல்லவே முடியாது. மூல ப்ரூஃப் கையில் இருந்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கிட்டில் ஒவ்வொரு மாற்றமும் தன் தாய் எது என்று முகவரியோடு சொல்லிக்கொண்டே வருகிறது. இரண்டு கிளை எங்கே பிரிந்தன என்று அதற்குத் தெரியும், அந்த மூல ப்ரூஃபை எடுத்துவைத்து மூன்றையும் ஒப்பிடும். இருவரும் ஒரே வரியில் கை வைத்திருந்தால் மட்டும் நம்மைக் கூப்பிடும்.

இதனால் லைனஸ் பேட்ச்களை ஒவ்வொன்றாகப் படிப்பதை நிறுத்த முடிந்தது. நெட்வொர்க் பகுதியைப் பார்ப்பவர் தன் கிளையில் நூற்றுக்கணக்கான மாற்றங்களைச் சேர்த்து 'இழுத்துக்கொள்' என்று ஒரு கடிதம் போடுவார். லைனஸ் ஒரே கட்டளையில் அத்தனையையும் வரலாற்றோடு இழுத்துக்கொள்வார். அவர் பெரும்பாலும் நம்புவது அந்த நபரை. 2002-ல் அவர் வாயால் சொன்ன வட்டம், இப்போது யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய வடிவம் எடுத்தது. கர்னலில் மெயின்டெய்னர்ஸ் என்றே ஒரு கோப்பு உண்டு: எந்தப் பகுதிக்கு யாரிடம் போக வேண்டும் என்ற நீளமான பட்டியல். அதில் எம்ஹெச்ஐ பஸ்ஸுக்கு எதிரே மணிவண்ணன் சதாசிவம் என்ற பெயரை முதலில் பார்த்த அன்று, சும்மா இரண்டு முறை ஸ்க்ரோல் செய்து திரும்ப வந்து பார்த்தேன். அவருக்கும் எனக்கும் எந்த அறிமுகமும் இல்லை. ஆனாலும்.

பத்திரிகைக் கதையில் இன்னொரு சிக்கல் பாக்கி. மாமா முதல் பக்கத்தில் முகூர்த்த நேரத்தை மாற்றுகிறார். சித்தப்பா கடைசிப் பக்கத்தில், பழைய நேரத்தை மனதில் வைத்து வேன் கிளம்பும் நேரத்தைச் சேர்க்கிறார். ஒரே வரியில் இருவரும் கை வைக்கவில்லை. இணைப்பு சுத்தமாக முடியும், சொந்தக்காரர்கள் தாலி கட்டி முடித்த பிறகு வந்து சேர்வார்கள். எந்தக் கருவியும் இதைப் பிடிக்காது. சேர்த்து ஓட்டிப் பார்த்தால்தான் தெரியும். அதற்காக 2008 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் ஸ்டீபன் ராத்வெல் லினக்ஸ்-நெக்ஸ்ட் என்ற கிளையைத் தொடங்கினார். வேலை நாட்களில் தினமும், நூற்றுக்கணக்கான மெயின்டெய்னர்களின் கிளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்து, கம்பைல் செய்து, எது எதோடு முட்டுகிறது என்று உரியவர்களுக்குக் கடிதம் எழுதுவது. மறுநாள் அதைப் போட்டுவிட்டுப் புதிதாக முதலிலிருந்து. இந்த ஒத்திகை முடிந்து வருபவற்றுக்கு லைனஸின் வாசல் இரண்டே வாரம் திறந்திருக்கும். அந்த இரண்டு வாரத்துக்கு மெர்ஜ் விண்டோ என்று பெயர். பிறகு ஏழெட்டு வாரம் திருத்தங்கள் மட்டும். ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு பதிப்பு, ஒவ்வொன்றிலும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட மாற்றங்கள். ராத்வெல்லின் பெயர் தெரிந்த நண்பர்கள் என் அலுவலகத்தில் இரண்டு பேர் இருந்தால் அதிகம்.

நடுவில் ஒரு கூத்தும் உண்டு. கிட்டில் இரண்டுக்கு மேற்பட்ட கிளைகளை ஒரே அடியாக இணைப்பதற்கு ஆக்டோபஸ் மெர்ஜ் என்று பெயர். 2014-ல் ஒலிப் பகுதியிலிருந்து 66 தாய்களைக் கொண்ட ஒரு மெர்ஜ் வந்தது. இதை ஆக்டோபஸ் என்றுகூடச் சொல்ல முடியாது என்று லைனஸே புலம்பினார்.

எல்லாம் சுபம் என்று இங்கே முடித்திருக்கலாம், நான் வடசென்னைக்காரனாக இல்லாமல் இருந்திருந்தால்.

2011-ல் சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளக் கூடாது என்று உயர் நீதிமன்றம் சொன்னது. ராயபுரம் பக்கம் வீடுகளில் படிந்த கரித்தூள் அப்படி. நிலக்கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. ராயபுரத்தில் வெள்ளை வேட்டியைக் கொடியில் காயப்போட முடிந்தது. ஆனால் நிலக்கரி எங்கேயும் மறைந்துவிடவில்லை. எண்ணூரில் ஏற்கெனவே அனல் மின் நிலையச் சாம்பல் கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தை மூடிக்கொண்டிருந்தது, அதோடு இதுவும். சுமையைப் பகிர்ந்தாயிற்று என்று சொல்லும்போதெல்லாம் எனக்கு யாருடைய பக்கம் பகிர்ந்தீர்கள் என்று கேட்கத் தோன்றும்.

லைனஸின் இன்பாக்ஸ் லேசானது என்றால் வேறு பலரின் இன்பாக்ஸ் கனத்தது. கையில் வேலையும் தலையில் திட்டும். மெயின்டெய்னர் சறுக்கினால் லைனஸ் எப்படி எழுதுவார் என்பது ஊரறிந்தது. 2018 செப்டம்பரில் அவரே தன் நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டுச் சில வாரம் ஒதுங்கினார், 4.19 பதிப்பை கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் முடித்துக்கொடுத்தார். கர்னலுக்காவது கம்பெனிகள் சம்பளம் கொடுக்கின்றன. அதைச் சுற்றியிருக்கும் ஆயிரம் சின்னத் திட்டங்களில் வாசலில் நிற்பது ஒரே ஆள், சம்பளமும் இல்லை.

எக்ஸ்இசட் அப்படி ஒன்று. கோப்புகளைச் சுருக்கும் நூலகம், ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் இருக்கும். பல வருடம் தனியாகப் பார்த்துக்கொண்டவர் லாஸ்ஸே காலின். 2021-லிருந்து ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் நல்ல பேட்ச்களாக அனுப்பினார். 2022-ல் வேறு சில பெயர்கள் வந்து, ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடுக்கலாமே என்று காலினை நெருக்கின. தன் மனநலம் சரியில்லை என்றுகூட அவர் எழுதினார். கடைசியில் ஜியா டானுக்கு வாசலின் சாவி கிடைத்தது. 2024 பிப்ரவரி, மார்ச்சில் வந்த 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்வாசல் இருந்தது. அதைத் திறந்துவிடும் வரிகள் கிட்டில் இல்லை, வெளியீட்டுக்காகக் கட்டிய டார்பாலில் மட்டும் இருந்தன. முப்பது வருடம் கட்டிய வரலாறும் முகவரியும் கையெழுத்தும் ஒரு பக்கம் இருக்க, சரக்கு பழைய கேட் வழியாகப் போய்விட்டது. லாகின் அரை நொடி தாமதமாகிறதே என்று சந்தேகப்பட்ட ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் மார்ச் 29-ம் தேதி வெளியே சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த வாரம் என் டீமில் யாரும் சத்தமாகப் பேசவில்லை.

அந்த முழுக் கதையில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது காலினை நெருக்கிய கடிதங்கள்தான். வரிசையில் நிற்கிறவனின் எரிச்சல் எனக்குத் தெரிந்த எரிச்சல். நானும் ஏழு வாரம் கழித்து அப்படி ஒரு கடிதம் எழுதினேன். அந்த ஆளிடமிருந்து இரண்டு நாளில் பதில் வந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார், மன்னிக்கவும், பார்த்துவிடுகிறேன் என்று. 11 வரி உள்ளே போனது.

சமீபத்தில் கர்னலின் பழைய வரி ஒன்றை யார் எழுதியது என்று பார்க்க 'கிட் பிளேம்' ஓட்டினேன். 2005 ஏப்ரல் 16, லைனஸ் டோர்வால்ட்ஸ் என்று வந்தது. இன்னொரு வரி, அதே தேதி, அதே பெயர். கிட்டுக்கு மாறியபோது அவர் பழைய வரலாற்றை ஏற்றவில்லை. 2.6.12-ஆர்சி2 அன்று இருந்தபடியே எடுத்துவைத்துவிட்டார்; முழு வரலாறும் 3 ஜிபிக்கு மேல் வரும், பிறகு தேவையென்றால் தனியாகச் செய்துகொள்ளலாம் என்பது காரணம். அதனால் முதல் 14 வருடத்தில் யார் எழுதிய வரியாக இருந்தாலும், இன்றுவரை தொடாமல் இருந்தால், அவர் பெயரில்தான் காட்டும். ராயபுரம் ஸ்டேஷன் திறந்த வருடம் 1856 என்று எங்கள் ஏரியாவில் சின்னப் பையனும் சொல்வான், கல் சுமந்தவர் பெயரைக் கேட்டால் முழிப்போம். ஆர்சியு கோப்பின் தலைக்குறிப்பில் மட்டும் ஐபிஎம், 2001, திபாங்கர் சர்மா என்று அவர்களே எழுதிவைத்தது அப்படியே இருக்கிறது.

இப்போது நானும் ஒரு சின்னத் திட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன். எப்படி என் தலையில் வந்தது என்று கேட்காதீர்கள். பழைய ஆள் போனார், நான் மிஞ்சினேன். இதை எழுதிக்கொண்டிருக்கும் இந்த இரவில் 14 பேட்ச்கள் பார்க்காமல் கிடக்கின்றன. மிகப் பழையது ஐந்து வாரம். அனுப்பியவர் மதுரையில் கல்லூரி மூன்றாம் வருடம் என்று தன் குறிப்பில் போட்டிருக்கிறார். படித்துப் பார்க்க இன்றைக்கு நேரம் இல்லை. 'கிடைத்தது. வரிசையில் உங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன்' என்று மட்டும் எழுதி அனுப்பிவிட்டு வருகிறேன்.